மூன்றிலிருந்து எண்ணுகிறோம்

மேலே சாலையோரம் காரை விட்டுவிட்டு
தள்ளுவண்டியில் மூட்டைகளை உருட்டிக்கொண்டு வருகிறவர்கள்
முதலில் கேட்பது கழிப்பறையைப் பற்றித்தான்.
ஒவ்வொரு தடவையும் ஒரு குவளை மரத்தூள், போதும் என்பேன்.
தண்ணீர்?
கிடையாது.
அப்படியென்றால் நாற்றம்?
அது உங்கள் குவளையைப் பொறுத்தது.

அடுத்தது மின்சாரம்.
கொட்டகைக் கூரையில் இரண்டு சூரியத் தகடுகள்,
வேல்ஸ் நாட்டு வெயிலை நம்பி மாட்டியவை.
ஒரு நாளைக்கு ஆறு போன்,
இல்லையென்றால் ஒரே ஒரு கெட்டில்.
எதுவென்று உங்களுக்குள் பேசிக்கொள்ளுங்கள்.
ஐந்து கூடாரத்துக்காரர்களும் புல்லில் நின்று பேசுகிறார்கள்.
மழை நாளில் கெட்டில்தான் ஜெயிக்கிறது.

மரக்கட்டைகளை யாரும் கவனிப்பதில்லை.
நீலச் சாயத்தில் நான் எழுதி
இத்வல் சம்மட்டியால் அடித்து நட்டவை:
3, 4, 5, 6, 7.

போன வாரம் ஒரு சிறுமி கவனித்தாள்.
இமோஜன் என்று பெயர். வுல்வர்ஹாம்ப்டனிலிருந்து வந்தவள்.
முன்பற்கள் இரண்டும் இல்லை.
ஒன்றும் ரெண்டும் எங்கே?

கடலைக் காட்டினேன்.

ஒன்று, நாங்கள் வந்த இரண்டாம் வருஷத்துப் பிப்ரவரியில் போயிற்று.
குளிர்காலம், ஆள் இல்லை.
இரண்டு, சென்ற அக்டோபரில்.
ராத்திரி முழுக்க மழை, சத்தமொன்றும் கேட்கவில்லை.
விடிந்து போய்ப் பார்த்தால்
புல் மட்டும் விளிம்பைத் தாண்டி
காயப்போட்ட ஜமுக்காளம் மாதிரி தொங்குகிறது.
அடியில் மண் இல்லை.
வற்றம் வந்ததும் இத்வல் கீழே இறங்கி
பாசிக்குள் கிடந்த கட்டையை எடுத்து வந்தான்.
கழிப்பறைக் கதவுக்கு இப்போது அதுதான் முட்டு.
பார், 2 என்று இருக்கும்.

அவள் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

ஒன்றிலிருந்து மாற்றி எழுதிவிடலாமே, ஹெலெத்,
என்று இத்வலும் கேட்டான், ஒருமுறைதான்.
சாயம் காய்ந்துபோய்விட்டது என்றேன்.
டப்பா பாதிக்கு மேல் இருந்தது.
அது அவனுக்கும் தெரியும்.

வங்கியிலிருந்து ஒருவர் வந்தார் மே மாதம்.
பத்து மரக்குடில்கள், ஒரு வெந்நீர்த் தொட்டி,
இருபது வருஷக் கடன்
என்று கணினியைத் திறந்து வண்ண வண்ணமாய்க் காட்டினார்.
அளவுநாடாவின் ஒரு முனையை மூன்றாம் கட்டையில் மாட்டி
மறுமுனையை அவர் கையில் கொடுத்தேன்.
நடங்கள் என்றேன். நடந்தார்.
பளபளக்கும் காலணி, ஆட்டுப்புழுக்கை,
மஞ்சள் முட்செடியில் சிக்கிய கால்சட்டை.
நின்ற இடத்திலிருந்து எட்டிப் பார்த்தார்.
கீழே பாறைமேல் நாலு கடல்நாய்கள்
அவரை நிமிர்ந்து பார்த்தன.
பன்னிரண்டு மீட்டர் என்று கத்தினார்,
காற்று அதைக் கொண்டுவந்து சேர்த்தது.
பிறகு தேநீர் குடித்தார், இரண்டு கோப்பை.
கடனைப் பற்றிப் பேசவில்லை.

இமோஜனுக்கு மூன்றாம் எண்தான் வேண்டுமாம்.
அம்மா ஏழு என்றாள்.
நான்கில் வந்து நின்றார்கள்.

மூன்றைக் காலியாக வைத்திருக்கிறோம் இந்தக் கோடையில்.
வானம்பாடி ஒன்று அங்கே தரையில் கூடு வைத்திருப்பதாக
எல்லோரிடமும் சொல்கிறேன்.
வைத்திருக்கவும் கூடும்.

கிளம்பும் நாள் காலை அழுகைச் சத்தம்.
ஆடிக்கொண்டிருந்த மூன்றாவது பல்
மூன்றாம் எண் பக்கம் விளையாடும்போது விழுந்துவிட்டதாம்,
தலையணைக்கடியில் வைக்க வேண்டுமாம்.
தாய், இத்வல், ஆறாம் எண் சைக்கிள்காரர், நான்,
நால்வரும் முழங்காலில்.
பனி நனைந்த புல், நத்தைகள், ஒரு பீங்கான் சில்லு,
யாரோ தொலைத்த கூடார ஆணி.
தலைக்குமேல் சிவப்பு அலகுக் காகங்கள் இரண்டு
எங்களைப் பார்த்து ஏதோ பேசிக்கொண்டன.
ஒரு மணிநேரம் தேடினோம்.

பல் கிடைக்கவில்லை.
அங்கேதான் எங்கேயோ இருக்கிறது,
ஜூலைக் கணக்குப்படி
பதினொன்று மீட்டர் நாற்பதுக்குள்.