தண்ணீர் இறக்கிய வீடு

ரிகுபெத்சுவில் ஊருக்குப் போகிறவர்கள்
கதவைப் பூட்டுமுன்
வீட்டிலிருக்கும் தண்ணீரை இறக்கிவிடுவார்கள்.
சுவருக்குள் ஏதோ ஒரு வளைவில்
ஒரு மிடறு தங்கினாலும் போதும்.
இரவு அதைப் புடைக்கவைத்துச் செம்பைக் கிழித்துவிடும்.
கிழிந்தது அப்போது தெரியாது.
இளகும்போதுதான் தெரியும்.

முப்பத்தொரு குளிர்காலம்
ஊர்ச்சாலையில் பனிதள்ளும் வண்டி ஓட்டியவர்
என் கணவர் கென்கிச்சி.
பனி விழும் மாதங்களில்
எங்களுக்கு விடுமுறை கிடையாது.
ஓய்வுபெற்று வந்த முதல் பிப்ரவரியில்
ஒகினாவாவுக்கு எட்டு நாள் டிக்கெட் வாங்கி வந்தார்,
பழைய கடனைத் தீர்க்க வந்தவர் போன்ற முகத்தோடு.

கடுங்குளிர் இரவுகளில் அரைகுறையாகச் செய்வதுதான்.
அன்று முழுதாக.
விடிகாலை நான்கு மணிக்கு
வால்வின் பிடியைத் திருகிவிட்டு
"சமையலறை!" என்று கத்தினார். திறந்தேன்.
கொஞ்சம் ஒழுகியது, நின்றது,
பிறகு குழாய்
ஸ்ஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது.
வீட்டுத் தண்ணீரெல்லாம்
உறைபனி எட்டாத ஆழத்துக்கு
மண்ணுக்குள் இறங்கிப் போகும் சத்தம்.

ஷவர்க் குழாயைப்
பாம்பின் வாலைப் பிடித்தாற்போல் தூக்கி உதறினார்.
கொதிகலனின் அடித்திருகை அவிழ்த்தார்.
கழிப்பறைக் கோப்பையில் மிஞ்சியதைப்
பழைய ஸ்பாஞ்சால் ஒற்றியெடுத்து
உறையாத இளஞ்சிவப்புத் திரவத்தை அளந்து ஊற்றினார்,
குழந்தைக்கு மருந்து புகட்டுவதுபோல.
நான் கெட்டிலைக் கவிழ்த்தேன். பூச்சாடியைக் கவிழ்த்தேன்.
"ஒரு சொட்டு இல்லை" என்று
காகிதத்தில் கடைசி வரியை அடித்தார்.
மாஸ்க்கை மாட்டிக்கொண்டு காரை எடுத்தார்.

நாஹாவில் ஜன்னல்கள் திறந்தே கிடந்தன.
செர்ரி அதற்குள் பூத்து உதிர்ந்துகொண்டிருந்தது.
அவர் மாஸ்க்கைக் கழற்றவில்லை.
ஜலதோஷம் என்றார்.
பன்றி விலா வேண்டாம், டோஃபு போதும் என்றார்,
அதையும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தின்றார்.
எடுத்த படங்கள் அத்தனையிலும் கண்கள் மட்டும்.
நான் கேட்கவில்லை.
சேர்ந்து வாழ்வதில் கேட்காமல் விடுவதற்கும்
ஒரு நீளமான பட்டியல் உண்டு,
அதில் யாரும் எதையும் அடிப்பதில்லை.

ஒருநாள் நள்ளிரவில் எழுந்துபோய்
விடுதிக் குழாயைத் திறந்தார்.
கொட்டியது.
யாரோ அவமதித்ததுபோல் மூடிவிட்டு வந்து படுத்தார்.

திரும்பி வந்து கதவைத் திறந்தபோது
என் மூச்சு எனக்கு முன்னால் கூடத்துக்குள் போனது.
வீட்டுக்குள் மைனஸ் பதினான்கு.
குளியலறைக்குள் ஓடிய மனிதர் வெளியே வரவில்லை.
எட்டிப் பார்த்தேன்.

முகம் கழுவும் தொட்டிக்கு மேல் பலகையில்
கண்ணாடி டம்ளர் இரண்டாகப் பிளந்து கிடந்தது.
பனிக்கட்டி மட்டும்
டம்ளரின் உருவத்தை விடாமல் நின்றது.
அதற்குள்ளே
மூன்று முன்பற்களும் அவற்றின் ரோஜாநிற ஈறும்
எங்களைப் பார்த்துச் சிரித்தபடி.

"ஒரு சொட்டு இல்லை" என்றேன்.

எட்டு நாளுக்குப் பிறகு மாஸ்க் இறங்கியது.
அவரும் சிரித்தார்.
இடைவெளி வழியாகக் காற்று
ஸ்ஸ்ஸென்று உள்ளே போனது.

மண்ணெண்ணெய் அடுப்பை ஏற்றினோம்.
கட்டியை எனாமல் கிண்ணத்தில் இட்டு
அடுப்பின் மேல் வைக்கப் போனேன்.
"பக்கத்தில் வை, வளைந்துவிடும்" என்றார்,
"வை"யைத் தவிர வேறெதுவும் ஒழுங்காக வரவில்லை.
கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்து
வீடு சூடாகும்வரை காத்திருந்தோம்.
நுமாதா அம்மாளுக்கு வாங்கிய கருப்பட்டியில்
பாதி தீர்ந்தது.

பிறகு வால்வைத் திறந்தார்.
குழாய் இருமியது, துருவைத் துப்பியது,
கோபித்துக்கொண்டு நின்றது, மறுபடி இருமியது.
ஆளுக்கொரு சுவரில் காதை வைத்து
எங்காவது ஒழுகுகிறதா என்று கேட்டோம்.
இல்லை.
இன்னும் கொஞ்சம் கேட்டோம்.

பின்னாலிருந்து, கிண்ணத்தில்
டிக்கென்று ஏதோ விழுந்தது.