எண் 114

மாதத்தின் முதல் ஞாயிறு, இரண்டிலிருந்து நாலு வரை.
மற்ற நாளென்றால் வெதுப்பகத்தில் திறப்பு வாங்கவேண்டும்.
லாங்னாவில் ரயில் மாறி, மஞ்சள் பஸ் ஏறி
கடைசித் தரிப்பில் இறங்கினது நான் மட்டும்.
சாரதிகூட ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

பழைய களஞ்சியம் ஒன்றை நூதனசாலை ஆக்கியிருக்கிறார்கள்.
குனியாமல் போனால் நெற்றி உத்தரத்தில் இடிக்கும்.
இடித்தது.
"எல்லாருக்கும்தான்" என்ற திருமதி ஸ்பின்டென்
நெற்றிக்குக் கழிவு போல
ஐந்து பிராங்கில் ஒன்றைத் திருப்பித் தந்தார்.

பால் வடிக்கும் சாடி. பல் பிடுங்கும் குறடு. மாட்டு மணி.
யாரோ ஒருத்தி பின்னி முடிக்காத காலுறை, ஊசியோடு.
ஒவ்வொன்றின் முன்னாலும் என் முகத்தைப் பார்த்தார்:
"உங்கள் நாட்டிலும் இதுபோல இருக்குமே?"
இருக்கும் என்றால் சந்தோஷப்படுவார்.
இல்லை, இல்லை என்றே வந்து
மாட்டு மணிக்கு மட்டும் ஒத்துக்கொண்டேன்.

பிறகு எண் 114.
முழ நீளக் கட்டை, நடுவில் துளை,
நுனியில் வளைந்த இரும்பு நாக்கு.
கைபட்டுக் கைபட்டு ஒரு பக்கம் மட்டும் வழுவழுத்திருந்தது.
அட்டையில்: மரம், இரும்பு. பயன் தெரியவில்லை.
தெரிந்தவர்கள் எழுதவும்.
பக்கத்தில் கொப்பி, நூலில் கட்டிய பேனை.

முப்பது வருட ஊகங்கள்.
கயிறு திரிக்க என்று ஓர் ஆசிரியர்.
பன்றிக்குடல் கழுவ என்று ஒருவர்;
அதன் கீழே வேறொரு கையெழுத்து, "நிச்சயமாக இல்லை."
ஒரு பிள்ளை டிராகன் கீறி, இது அதன் பல் என்றிருந்தது.
இன்னொருவர் நாலு பக்கம், வரைபடத்தோடு;
கடைசி வரியில் "அல்லது" என்று எழுதி
அப்படியே விட்டுவிட்டார்.

நான் பேர்ணில் லிஃப்ற் பழுது பார்ப்பவன்.
துளைக்குள் என்ன போகும், நாக்கு எதைக் கவ்வும்?
கை துறுதுறுத்தது.
வாசலை ஒருதரம் பார்த்துவிட்டு
"தூக்கிப் பாருங்கள்" என்றார் மெதுவாக,
"தொடாதீர்கள்" என்று தானே எழுதி ஒட்டிய பலகைக்குக் கேட்காமல்.

வலக்கைக்கு அது பொருந்தவில்லை.
விரல்களுக்கு இடம் இல்லாத இடத்தில் விரல்கள்.
மாற்றினேன்.
இடக்கைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

"இடக்கைக்காரர்!"
இருபத்தாறு வருடமாகத் தூசி தட்டியிருக்கிறார்,
எல்லாம் வலக்கையால்.
கதிரையைத் தேடி இருந்துகொண்டார்.
அல்லது, என்றேன்,
வலக்கையில் வேறேதோ பிடித்திருந்த ஒருவர்.

மணி நாலு. அவர் விளக்கை அணைக்கவில்லை.
"எழுதுங்கள், உங்கள் மொழியிலேயே."
எழுதினேன்:
இது இடக்கைக்கு. மற்றக் கையில் என்ன இருந்தது?

கொப்பியைத் தன் பக்கம் திருப்பி
எழுத்துகளின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனவர்
வரியின் முடிவில் நின்றார்.
அந்த ஒரு குறியை மட்டும்
அவரால் வாசிக்க முடிந்தது.