நான்கு மால்

கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் வாசல்.
வாகை நிழல் எங்கே நகர்கிறதோ
அங்கே நகரும் என் மடக்கு மேஜை.
பட்டா மாறுதல், விதவை பென்ஷன், வாய்க்கால் தகராறு.
இருபத்திரண்டு வருஷமாக
அடுத்தவர் குறையில் எழுத்துப்பிழை திருத்திச் சாப்பிடுகிறேன்.

திங்கட்கிழமை, முதல் பஸ்ஸில் ஆறு பேர்.
"கடலுக்கு ஒரு மனு எழுதணும் அண்ணாச்சி."
கடல் மேலயா என்றேன்.
"மேல இல்ல. கடலுக்கு."

தொம்மையார்குடியாம்.
நம்பியாறு பெருகினால் தீவு.
ஐப்பசியில் வள்ளத்தில்தான் பள்ளிக்கூடம்.
மற்ற மாதம் பஸ் வராத கரை.
ராத்திரியில் வெளியூர் விசைப்படகுகள்
விளக்கணைத்து வந்து
இழுவைமடியால் பாரைச் சுரண்டிப் போகின்றன.

பழக்கதோஷம், கேட்டுவிட்டேன்:
"சர்வே எண்?"

ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.
கஸ்பார் என்பவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.
நான் எனக்குத் தெரிந்த ஒரே மொழியில் எழுதினேன்:

*ஊசிப்பார் என்ற கடலுக்கு நான்கு மால்:
வடக்கே எங்கள் கரை, இதில் தகராறு இல்லை.
மேற்கே, கோயில் குருசு
மூன்றாவது காற்றாலையோடு ஒட்டும் இடம்.
கிழக்கே ஆற்றுநீர் கலங்கல் தெளியும் வரை.
தெற்கே, மகேந்திரகிரி
தலைதாழ்ந்து தண்ணீருக்குள் போகும் வரை.
இதற்குள்பட்ட சீலா, விளமீன், களவா,
சிங்கி, பாசி, பன்னிரண்டு பாகம் ஆழம்
சகிதம்.*

வாசித்துக் காட்டியதும்
"அதான், அதேதான்" என்றார் கஸ்பார்,
தொலைந்த பத்திரம் கிடைத்தவர் போல.

அதுவரை பேசாமல் நின்ற கித்தேரி
ஒயர்கூடையைக் கீழே வைத்தாள்.
"இன்னொரு வரி எழுதுங்க.
சினை மாசம் ரெண்டும்
எங்க வலையும் அங்க எறங்கக் கூடாது."

"அடுப்புக்கு எந்த ஆபீஸ்ல மனு குடுப்ப?"
வியாகுலம் சாரத்தை மடித்துக் கட்டினார்.
வங்கிக் கடன், எஞ்சின் தவணை,
அவன் இழுத்ததுக்கு நாம பட்டினியா என்று
வாகையே உதிரும்படி ஒரு சத்தம்.

அவள் குரலை உயர்த்தவில்லை.
"போன வெள்ளிக்கிழம ஒரு சிங்கி.
வயிறு பூரா ஆரஞ்சு முட்ட.
ஆயிரத்து இருநூறு.
வித்தவ நாந்தான்."

யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
வியாகுலம் மட்டும் டீக்கடைப் பக்கம் போனார்.

*மனுதாரர்களாகிய எங்களையும்* என்று எழுதினேன்.
குற்றம் சாட்டுபவர்
குற்றவாளிப் பட்டியலிலும் நிற்கும் மனு
என் கைக்கு இதுதான் முதல்.
பேனாவை உதறுவது போல இரண்டு தடவை நிறுத்தினேன்.

வியாகுலம் திரும்பி வந்தார். வாயைத் துடைத்துக்கொண்டு
கையெழுத்துப் போட்டார்.
தாள் கிழிந்தது. இன்னொரு பிரதியிலும் போட்டார்.

கவுண்டரில் எந்தத் துறை என்று கேட்டார்களாம்.
நிலமென்றால் வருவாய், மீனென்றால் மீன்வளம்,
தண்ணீரென்றால் பொதுப்பணி.
மூன்றுக்கும் நகல் போட்டு
ஒரு ரசீது எண் கொடுத்தார்கள்.
ஆதாரமாய்க் கொண்டுவந்ததை வாங்கவில்லை:
"கல்லெல்லாம் இணைக்க முடியாதும்மா."

மடியில் உடைந்து வந்த பாரின் துண்டு.
உள்ளங்கையளவு, ஓட்டை ஓட்டையாய்,
ஒரு பொந்தில் நைலான் நூல்.
"தாள் பறக்காம வச்சுக்கிடுங்க" என்று
என் கூலி ஐம்பதின் மேல் வைத்துவிட்டு
ரெண்டரை வள்ளியூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

ஆற்றுக்காற்றில் ஒரு பட்டாவும் பறக்கவில்லை.
நல்ல கனம்.

புதன்கிழமை மத்தியானம்
ஒரு வாடை. செத்த எலியோ என்று
மேஜைக்கடியில், சாக்கடையில்,
மரத்தின் பின்னால் எல்லாம் தேடினேன்.

பிறகுதான் கல்லை எடுத்து முகர்ந்தேன்.
உயிரோடு இருந்திருக்கிறது.