ஃபாரோ, பதினேழு வயதுக்குட்பட்டோர்

ஆடியவை ஒன்பது.
வென்றவை என்ற கட்டத்தில்
முட்டை.

அடித்த கோல் இரண்டு; அதில் ஒன்று
எதிரணிப் பையன் தன் வலைக்கே போட்டது.
வாங்கியவற்றைச்
சலவை இயந்திரம் சுற்றும்போது எண்ணுவேன்.
எண்ணி முடிப்பதற்குள் அது நின்றுவிடும்.

தோர்ஷாவ்ன் காற்றில்
பெனால்டிப் புள்ளியில் பந்து நிற்காது.
ரோக்வி குப்புறப் படுத்து
ஒற்றை விரலால் பிடித்துக்கொள்ள
பார்துர் உதைத்தான்.
கம்பம்.

விரல் என்னவோ நகரவில்லை.
அதற்கு அட்டவணையில் கட்டம் இல்லை.

இன்று பத்தாவது.
மூடுபனி. விமானம் கிளம்பவில்லை.
பையன்கள் நிலையத் தரையில்
கணக்குப் பாடம் எழுதுகிறார்கள்.
கோலி ஹாநுஸ் வாய்திறந்து தூங்குகிறான்,
கையுறையைக் கழற்றாமல்.
பதினொரு ஜோடி காலுறை
காயாமல் என் பையில்.

மணி நான்கு.
இன்னும் தோற்கவில்லை.