பன்னிரண்டு டஜன் ஜிப்பு

பீடோங்கிலிருந்து டானோக்கிற்கு
வேன் கூலி, போக வர, அறுபது வெள்ளி.
யாரும் கேட்காமலே எல்லோரும்
கடவுச்சீட்டுக்குள் மடித்து வைக்கிற இரண்டு வெள்ளி.
அந்தப் பக்கத்துச் சோறு, அன்னாசி, ஒரு தேநீர்:
பதினெட்டு.
ஆக எண்பது.

துண்டு ஆறு வாங்கினால் பதினெட்டு மிச்சம்.
சலவைத்தூளில் ஏழு.
இனிப்புப் புளியில் ஐந்து.
செருப்பில் பன்னிரண்டு,
இடது கால் மட்டும் கடிக்கிறது.
நாற்பத்திரண்டு.

முப்பத்தெட்டு வெள்ளி நட்டத்தோடு
ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் கொடுத்துவிட்டுத் திரும்புகிறோம்,
கையுறைத் தொழிற்சாலையின்
விருதுநகர், சேலம், விசாகப்பட்டினம்,
இரண்டு வருட விசாக்காரர்கள்,
சயாமில் எல்லாம் மலிவு என்று
டோல் வரைக்கும் சொல்லிக்கொண்டு.

இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தவள் தமயந்தி.
தோட்டம் கைமாறிய பிறகு கட்டிய
மலிவு வீட்டு வரிசையில் எனக்கு அடுத்த கதவு.
பள்ளிப் பிள்ளைகளுக்கு பாஜு கூரோங் தைக்கிறாள்.
பள்ளி திறக்கப் போகிற மாதத்தில்
அவள் வீட்டுத் தரை முழுக்க நீலம்.

"துண்டுக்கெல்லாம் போகாதீங்க,"
வாயில் குண்டூசி.
"பசியாறிட்டு நேரா சுங்கைப்பட்டாணி போங்க, அங்கயே கிடைக்கும்.
ஜிப்புன்னா மட்டும் டானோக்.
இங்க ஒண்ணு ஒரு வெள்ளி எண்பது காசு,
அங்க அறுபது.
சாவடி தாண்டி மூணாவது கடை, பச்சைத் தார்ப்பாய்.
மொத விலைய கேட்டதும் சிரிச்சிருங்க.
ரெண்டாவது சொல்றதுதான் விலை.
வரும்போது நாலாவது கவுண்டர்ல நிக்காதீங்க,
அவன் பைய கொட்டிப் பார்ப்பான்."

எத்தனை தரம் போயிருக்கிறாய் என்று கேட்டேன்.
மிஷின் நிற்கவில்லை.
"நானா? சங்லூன் தாண்டுனதே இல்ல."

அடையாள அட்டை சிவப்பு.
பிறந்தது இதே தோட்டத்து ஆஸ்பத்திரியில்.
அது இருந்த இடத்தில் இப்போது பெட்ரோல் நிலையம்.
எழுத வேண்டிய கிராணி எழுதவில்லை,
அல்லது அப்பா போய்ச் சொல்லவில்லை,
அல்லது அன்றைக்கு மழை.
அலோர் ஸ்டாருக்குப் பதினோரு தரம் போய் வந்தாளாம்.
அந்த பஸ் கூலியை
மேலே எங்கும் நான் கூட்டவில்லை.

என் கடவுச்சீட்டில்
முத்திரை குத்த இடமில்லாமல்
போன வாரம் அதிகாரி பக்கம் பக்கமாகத் தேடினார்.

மூணாவது கடைதான். நாலாவது கவுண்டரும் அப்படியே.
தார்ப்பாய் மட்டும் இப்போது நீலம்.
வந்து சொன்னபோது தமயந்தி
தையல் அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து
பச்சையை அடித்துவிட்டு
நீலம் என்று எழுதினாள்.
அந்தப் பக்கம் நிறையப் பெயர்கள்,
அம்புக்குறிகள், ஒரு கோயில், ஒரு கழிப்பறை,
அதற்கு எத்தனை பாட் என்பது வரை.

"தாண்டினதும் ரோட்டோரம் என்ன மரம்?"
இதை மட்டும் யாரும் சொன்னதில்லையாம்.
பால்மரம் என்றேன். கோப்பைகூடக் கட்டியிருந்தது.
"செம்பனைக்கு மாத்தலையா இன்னும்?"
கொஞ்ச நேரம் எதையும் தைக்கவில்லை.
பிறகு ஜிப்புகளை எண்ணத் தொடங்கினாள்.

நூற்று நாற்பத்து நாலு.
அவளுக்கு மிச்சம்
நூற்று எழுபத்திரண்டு வெள்ளி எண்பது காசு.
சுமந்து வந்ததற்கு எனக்கு முப்பது என்று
முதலிலேயே பேச்சு.
வேண்டாமென்றால் கோபம் வரும்.
ஆக எனக்கு எட்டு வெள்ளி நட்டம்.

புதிதாக வந்த பையன் கேட்கிறான்,
டானோக் போய் வருவது லாபமா என்று.
அடுத்த கதவைத் தட்டு என்றேன்.

எண்ணி முடித்த தமயந்தி
ஒன்றை மட்டும் விளக்குக்கு நேரே பிடித்தாள்.
நடுவில் இரண்டு பல் இல்லை.
என் முப்பதிலிருந்து
அறுபது காசைக் கழித்துக்கொண்டாள்.