புள்ளடி

கல்லாய்ப் படுத்திருந்த ஒருத்தனுக்குப்
பதினொரு வருசம் இரவுக் காவல் நான்.
பாரிசிலை இருந்து ரெயினிலை ஒண்டரை மணித்தியாலம்,
பேர் சொன்னால் ஒருத்தருக்கும் தெரியாத ஊர்.
ஒரு கோயில், ஒரு ஹீற்றர், ஒரு கதிரை.
"ரெனோ த மொவால், தளபதி" எண்டு பித்தளைத் தகட்டிலை.
மூக்கு உடைஞ்சிருந்தது.
காலடியிலை ஒரு நாய், அதுவும் கல்லு.

பாஷை பழகினதே அந்தத் தகட்டிலைதான்.
முதல் வருசம் 'இறந்தான்' எண்ட சொல் விளங்கிச்சுது.
அடுத்த மாரிக்கு 'முற்றுகை'.
'கப்பம்' எண்டதுக்கு அகராதி தேவைப்படேல்லை.

பதினைஞ்சு வயசிலை முதல் சண்டை. ஓடினவன்.
தகடு அதைச் சொல்லாது.
திங்களிலை பூ மாத்த வாற மதாம் குய்யோதான் சொன்னவ:
கவசத்தை ஆத்துக்குள்ளை கழட்டி எறிஞ்சுபோட்டு
உள்ளுடுப்போடை வீட்டை போய்ச் சேந்தானாம்.
எனக்கு அவனைப் பிடிச்சது அதிலைதான்.

இருபத்திரண்டிலை பிடிபட்டான்.
எதிரி நிறுத்து விலை சொன்னான்.
கட்டினது ராசா இல்லை,
உப்புக்கு வரி குடுத்த ஊர்ச்சனம்.
இதை வாசிச்ச இரவு
ஆனையிறவு உப்பளம் கண்ணுக்குள்ளை வந்து
விடியுமட்டும் தூணைச் சுத்தி நடந்தனான்.

பிறகு, சம்பளம் வராத பெடியளைச் சேத்து ஒரு படை.
கூலி குடுத்தவனுக்குச் சண்டை, பிந்தினால் மற்றவனுக்கு.
மூண்டு தரம் பக்கம் மாறினான்;
ஒவ்வொரு தரமும் முந்தினதைவிடப் பெரிய குதிரை.
எதிரிக்கு ஒரு மூட்டை கோதுமையும் கிடைக்கக்கூடாதெண்டு
தன்ரை நாட்டு வயலைத் தானே கொளுத்தினான்.
ராசா வாள் குடுத்தது அதுக்குத்தான்.
தகட்டிலை 'விவேகம்' எண்டு போட்டிருக்கு.
அந்தச் சொல்லுக்குக் கிட்ட வரேக்கை
ரோச்சை அணைச்சுப்போடுவன்.

எழுத்து வராது அவனுக்கு.
கட்டளைக்குக் கீழை ஒரு புள்ளடி, அவ்வளவுதான்.
கண்ணாடிப் பெட்டிக்குள்ளை ஒரு தோல் கிடந்தது:
நாலு ஊரின்ரை பேர், அடியிலை அந்தக் கீறல்.
சரியாய்க்கூடப் போடேல்லை, ஒரு கால் நீளம்.

செத்தது வாளாலை இல்லை, வயித்தோட்டம்.
ஒரு சின்னக் கோட்டையை மறிச்சுக்கொண்டு இருக்கேக்கை,
அறுபத்தொரு வயசிலை, வாளிக்குப் பக்கத்திலை.
உள்ளுக்கை கிடந்த சனத்துக்குத் தெரியாது;
நாலாம் நாள் பசியிலை கதவைத் திறந்து
பிணத்திட்டைச் சரணடைஞ்சதாம்.

ஆடி மாதம், உடம்பு தாங்காது. வெட்டினாங்கள்.
குடல், செத்த இடத்திலை.
இதயம், பெண்சாதியின்ரை ஊரிலை, ஈயப் பெட்டிக்குள்ளை.
வைனிலை அவிச்சுக் கழட்டின எலும்பு என்னட்டை.
தங்கடைதான் உண்மையான கல்லறை எண்டு
மூண்டு ஊரும் இண்டைக்கும் சண்டை.

எனக்கு விசா கிடைக்கேல்லை. அனுப்பிப்போட்டாங்கள்.
இப்ப குருநகர் ஐஸ் பக்டரியிலை இரவு வேலை.
இரண்டு மணிக்குக் கட்டி உடைக்கத் தொடங்குவினம்,
அதுவரைக்கும் கதிரையும் நானும்.

போன கிழமை கச்சேரிக்கு வரச்சொன்னவை.
தம்பியின்ரை படிவம். ரெஜிஸ், பத்தொன்பது வயசு.
கடைசியாய்க் கண்ட இடம்: பண்ணைப் பாலம்.
உடுப்பு: நீலச் சேட்டு. சைக்கிள்: லுமாலா, பெல் இல்லை.
அதுக்குக் கீழை,
'அடக்கம் செய்த இடம், தெரிந்தால்.'
பேனை தன்ரை பாட்டிலை ஒரு புள்ளடி கீறிச்சுது.
"அண்ணை, இது வோட்டில்லை,
உதிலை எழுத்திலை எழுதவேணும்," எண்டது பெட்டை.
கோவமில்லாமல் வேறை ஒண்டு எடுத்துத் தந்தது.

அது மேசை லாச்சிக்குள்ளை கிடக்குது,
மீன் வாடிக்காரரின்ரை கடன் துண்டுகளோடை,
ஓரம் ஈரமாய்.

அங்கை இப்ப ஆர் காவலோ.
இந்நேரம் ஹீற்றர் நிண்டிருக்கும்.
நாய்க்கு இடது காது இல்லை.
அதை ஒருத்தரும் தகட்டிலை எழுதேல்லை.