கோடு சாயும் பக்கம்

எபெனில் ஏழாம் மாடி. புயலுக்கு இரண்டாம் எச்சரிக்கை;
மூன்றானால் பூட்டிவிடுவார்கள்.
என் விண்டோஸ் பாதையை
லினக்ஸ் சர்வர் மறுபடி தள்ளுகிறது:
அப்படியொரு கோப்பே இல்லையாம்.

இங்கே கோடு இடப்பக்கம் சாய்கிறது,
அங்கே வலப்பக்கம். அவ்வளவுதான் சண்டை.
பதினொரு வரி ஸ்கிரிப்ட்.
டிரைவ் எழுத்தின் முக்காற்புள்ளியைக் கிள்ளி எறிந்தேன்,
கோடுகளைத் தலைமாற்றிப் படுக்கவைத்தேன்.
எல்லாம் போயின, ஒன்று தவிர.

பெரிய எம், சின்ன எம்.
என் கணினிக்கு ஒரே ஆள்;
அதற்கு இரண்டு பேர்.

சிரித்துவிட்டேன்.
பிறப்புப் பதிவில் அப்பா மூட்டூசாமி,
கல்யாணப் பதிவில் முத்துசாமி.
பென்ஷன் ஆபீஸில் சத்தியம் செய்தார்
அவரும் நானே என்று,
க்ரியோலில்.

ஒற்றை எழுத்தைத் திருத்தி கமிட் செய்கிறேன்.
குறிப்பு என்ன எழுத?
வெல்லியேன் கத்துகிறான்:
லிஃப்ட் நிற்கப்போகிறது, வா!